இரண்டு சித்தூர்களும் ஒரு தொழில் வரியும்

எங்கள் ஊர் சித்தூர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரத்தில் இன்னொரு சித்தூர் இருக்கிறது. வேலூரிலிருந்து காட்பாடி வழியாக வடக்கே போனால் ஒரு மணி நேரத்துப் பயணம். இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். இரண்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. என் அக்காவை அந்தச் சித்தூரில்தான் கட்டிக் கொடுத்தார்கள். தம்பி படித்து முடித்துச் சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

மாசி மாதத்தில் எங்கள் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா நடக்கும். அதற்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். அப்படிக் கூடியபோதுதான் பிள்ளைகள் மூவரும் திண்ணையில் உட்கார்ந்து சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் மகள் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தம்பி மகன் சென்னையில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறான். அக்கா மகன் ஆந்திரச் சித்தூரில் ஒரு பட்டறையில் இருக்கிறான். மூவருக்கும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய்.

"அப்பா, தொழில் வரி என்று 750 ரூபாய் பிடித்திருக்கிறார்களே, இது என்ன?" என்று மகள் கேட்டாள்.

"எனக்கு 1,250 பிடிப்பார்களாம், பெரியப்பா" என்றான் தம்பி மகன்.

"எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லையே, மாமா" என்றான் மூன்றாமவன்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வரியைப் பல ஆண்டுகள் வசூலித்து, ரசீது போட்டு, பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். ஆனாலும் அன்று அவர்களுக்குச் சொல்லி முடிக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது. முதல் வேலைக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வருமான வரி என்பது நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்கும் வரி. தொழில் வரி என்பது நீங்கள் வேலை செய்கிறீர்களா என்று கேட்கும் வரி. வேலை செய்கிறேன் என்றால் வரி உண்டு. எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு மட்டும் வருமானத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் வருமான வரி ஒன்றியப் பட்டியலில் 82-ஆவது இனமாக இருக்கிறது. தொழில், வணிகம், வேலை ஆகியவற்றின் மீதான வரி மாநிலப் பட்டியலில் 60-ஆவது இனம். ஆகவே முதலாவது ஒன்றிய அரசுக்கு உரியது, இரண்டாவது மாநிலத்துக்கு உரியது. உத்தரப் பிரதேசம், ஹரியாணா, டெல்லி போன்ற இடங்களில் இந்த வரி கிடையவே கிடையாது. அது அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

வேலைக்கு வரி என்பது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. பழைய கல்வெட்டுகளில் தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, குயவருக்குக் குசக்காணம், பொற்கொல்லருக்குத் தட்டார்ப்பாட்டம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பெயரில் வரி இருந்ததைப் பார்க்கலாம். இன்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். தமிழில் தொழில் வரி, மலையாளத்தில் தொழில் நிகுதி, தெலுங்கில் விருத்தி பன்னு.

இந்த வரிக்கு மற்ற வரிகளுக்கு இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு. இதன் உச்சவரம்பை அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. அரசியலமைப்பு வந்தபோது 276-ஆவது பிரிவில் அது 250 ரூபாய் ஆனது. 1988-இல் அறுபதாவது திருத்தம் அதை 2,500 ஆக உயர்த்தியது. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

2,500 என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்கத் தங்கத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். 1988-இல் 2,500 ரூபாய்க்கு ஏறத்தாழ ஒரு பவுன் கிடைத்தது. இன்று அந்தப் பணத்துக்கு அரை கிராம்கூட வராது. நாட்டில் எல்லாம் ஏறியது. கூலி ஏறியது, அரிசி ஏறியது, ஊராட்சி போடும் ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் விலை ஏறியது. இந்த ஒரு எண் மட்டும் அப்படியே நிற்கிறது. இதை மாற்ற வேண்டுமானால் ஒரு சட்டமன்றம் போதாது. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.

இனி மூன்று பிள்ளைகளின் கணக்குக்கு வருகிறேன்.

கேரளத்தில் இந்த வரி ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரியது. அரையாண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும், சம்பளத்தில் பிடித்தம் செய்து கட்டுகிறார்கள். ஆறு மாத வருமானம் 12,000 ரூபாயைத் தொட்டாலே வரி ஆரம்பம். மகளுக்கு ஆறு மாதத்துக்கு 90,000 வருகிறது. 45,000 முதல் 99,999 வரை உள்ள படியில் வரி 750 ரூபாய். ஆண்டுக்கு 1,500.

தமிழ்நாட்டிலும் இது உள்ளாட்சியின் வரிதான். அரையாண்டு முறைதான். ஆனால் அங்கே ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் சென்னையில் வரி 1,250. அதாவது மாதம் 12,500-க்கு மேல் வாங்குகிறவர் உச்சப் படியில் ஏறிவிடுகிறார். தம்பி மகன் ஆண்டுக்கு 2,500 கட்டுகிறான். அரசியலமைப்பு அனுமதிக்கும் முழுத் தொகையையும் தன் முதல் வேலையின் முதல் ஆண்டிலேயே கட்டுகிறான்.

ஆந்திரத்தில் முறையே வேறு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மாநில அரசே வசூலிக்கிறது. மாதா மாதம் பிடித்தம். 15,000 வரை வரி இல்லை. 15,001 முதல் 20,000 வரை மாதம் 150. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 200. ஆண்டுக்கு 2,400-உடன் நின்றுவிடும். அக்கா மகனின் சம்பளம் சரியாகக் கோட்டின் மேல் நிற்பதால் தப்பித்தான்.

மூவருக்கும் ஒரே சம்பளம், ஆண்டுக்கு வரி மட்டும் 0, 1,500, 2,500 என்று மூன்று விதம். கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த வரிசை போய்விட்டது. இன்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சோப்புக்கு ஒரே வரிதான். அந்தச் சோப்பை விற்கும் பையனின் வேலைக்கு மட்டும் எல்லை தாண்டினால் வரி மாறுகிறது.

இந்த வேறுபாடு எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் தேவை மாறும், வரியும் மாறலாம். என்னை வருத்துவது வேறு ஒன்று.

மாதம் இரண்டு லட்சம் ரூபாய் வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கேரளத்தில் இருந்தால் ஆண்டுக்கு 2,500 கட்டுவார். சென்னையில் இருந்தாலும் 2,500. ஆந்திரத்தில் 2,400. சென்னையில் 15,000 வாங்கும் என் தம்பி மகனும் அவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். தம்பி மகனுக்கு அது சம்பளத்தில் 1.4 சதவீதம். இரண்டு லட்சக்காரருக்கு 0.1 சதவீதம்.

இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். கேரளத்தில் ஒரு பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர் மாதம் 2,500 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 15,000. முதல் படிக்குள் வந்துவிடுகிறார். அந்தப் படியில் இப்போது அரையாண்டுக்கு 320 ரூபாய். ஆண்டுக்கு 640. அவருடைய ஆண்டு வருமானமான 30,000-இல் அது இரண்டு சதவீதத்துக்கும் மேல். இரண்டு லட்சம் வாங்குகிறவர் கட்டும் விகிதத்தைப் போல இருபது மடங்கு.

12,000 என்ற அந்தத் தொடக்கக் கோட்டையும் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு 2,000 ரூபாய்தான் வருகிறது. 2025-26-இல் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 369 ரூபாய். மாதத்தில் ஆறு நாள் மண்வெட்டி பிடித்தால் 2,214 ஆகிவிடும். வரி போடத் தகுந்த வருமானம் என்று நாம் குறித்து வைத்திருப்பது ஆறு நாள் கூலியைத்தான். பதிவேட்டில் எண்களாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. கூலியோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் மனம் பொறுக்கவில்லை.

இப்போது அரசியல் விவாதத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் கேரளம் தொழில் வரியை மாற்றியது. அதே மாதத்தில் தொடங்கிய அரையாண்டுக்குச் சென்னை மாநகராட்சியும் மாற்றியது. இரண்டு இடங்களிலும் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி. இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றே.

கேரளத்தில் முதல் படியில் அரையாண்டுக்கு 120 ரூபாயாக இருந்தது 320 ஆனது. இரண்டாம் படியில் 180 ரூபாய் 450 ஆனது. மூன்றாம் படியில் 300 ரூபாய் 600 ஆனது. 75,000-க்கு மேல் உள்ள படிகளில் எந்த மாற்றமும் இல்லை. சென்னையில் 135 ரூபாய் 180 ஆனது, 315 ரூபாய் 425 ஆனது, 690 ரூபாய் 930 ஆனது. மேலே இருந்த 1,025-உம் 1,250-உம் அப்படியே இருந்தன.

மேலே ஏன் உயரவில்லை? ஏற்கெனவே 1,250 வாங்குகிறார்கள். இரண்டு அரையாண்டுக்கு 2,500. அரசியலமைப்பின் கூரையில் தலை இடிக்கிறது. ஊராட்சிக்குப் பணம் வேண்டும், மேலே இடமில்லை, ஆகவே கீழே கை வைக்கிறார்கள். ஏழைகளிடம் பிடுங்க வேண்டும் என்று எந்த அமைச்சரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. உச்சவரம்பு 1988-இல் நின்றுவிட்டதால் வரும் ஒவ்வோர் உயர்வும் கீழ்ப் படிகளிலேயே விழும்படி ஆகிவிட்டது. சம்பளக்காரரைக் காப்பதற்காக எழுதப்பட்ட வரம்பு, இன்று அதிகச் சம்பளக்காரரை மட்டும் காக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு டெல்லியிலும் நடக்கிறது. ஒன்றியமும் மாநிலங்களும் வரிப் பணத்தைப் பங்கிடுவது பற்றிப் பரிந்துரை செய்யும் நிதிக்குழுக்களில், பதினான்காவது நிதிக்குழு அதை ஆண்டுக்கு 12,000 ஆக்கலாம் என்றது. பதினைந்தாவது நிதிக்குழு 18,000 என்றது. மாதத்துக்கு 1,500 ரூபாய். மாநில அரசுகள் இதை ஆதரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபின் மது, பெட்ரோல், டீசல் போன்ற சிலவற்றைத் தவிர, சொந்தமாக வரி விகிதம் முடிவு செய்ய மாநிலத்துக்கு மிச்சம் இருப்பவை குறைவு.

ஊழியர் சங்கங்கள் இதற்கு அஞ்சுகின்றன. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். வரம்பை 18,000 என்று திறந்துவிட்டால், அந்தத் தொகை மேல்தட்டோடு நிற்கும் என்பதற்கு என்ன உறுதி? நாளைக்கு 15,000 சம்பளக்காரனுக்கும் மாதம் 500 என்று ஓர் அரசு சொன்னால் யார் தடுப்பது? வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் தொழில் வரியாகக் கொடுத்ததைச் சம்பள வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது முடியாது. வரியாகப் போன பணத்துக்கும் வரியா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

என் கருத்தைக் கேட்டால், வரம்பை உயர்த்தட்டும், அதே நாளில் தொடக்கக் கோட்டையும் உயர்த்தட்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சங்கங்களின் அச்சம் உண்மையாகிவிடும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கர்நாடகம் 2023 ஏப்ரலில் மாதச் சம்பள விலக்கை 15,000-இலிருந்து 25,000 ஆக உயர்த்தியது. பஞ்சாபில் 2018 வரை இந்த வரி கிடையாது. அந்த ஆண்டு நிதியமைச்சர் மன்பிரீத் சிங் பாதல் வளர்ச்சி வரி என்ற பெயரில் மாதம் 200 ரூபாயைப் புதிதாகக் கொண்டுவந்தார். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும் என்றார். அரசு ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் அந்த வரி போகவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மகாராஷ்டிரத்தின் கதை இன்னும் மேலானது. 1975-இல் அந்த மாநிலம் தொழில் வரியைக் கொண்டுவந்தபோது வேலை உறுதித் திட்டத்துக்குப் பணம் திரட்டுவதே நோக்கம் என்று சொல்லிக் கொண்டுவந்தது. வேலை இருப்பவரிடம் சிறு தொகை வாங்கி, வறட்சியில் வேலை இல்லாமல் நிற்பவருக்குக் கூலி கொடுப்பது. பின்னால் நாடு முழுவதற்கும் வந்த ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு அதுவே வித்து. எதற்காக வாங்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன வரி என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இதுவரை தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் வரியைப் பற்றிப் பேசினோம். வேலை கொடுக்கும் முதலாளியிடம், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் வரியும் உலகத்தில் உண்டு. அதைச் சுற்றி நடந்த சண்டைகளில் பெரியது பிரிட்டனில் 1966-இல் நடந்தது. அந்த யோசனையைக் கொடுத்தவர் நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞர். பிரிட்டனுக்கு யோசனை சொல்வதற்குப் பத்தாண்டு முன்பே, 1956-இல், அவர் இந்தியாவின் வரிச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை கொடுத்தவர். அதைப் பின்பற்றித்தான் அப்போது நிதியமைச்சராக இருந்த நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957-இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார்.

1966-இல் லேபர் அரசின் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் ஒவ்வோர் ஆண் தொழிலாளிக்கும் வாரம் 25 ஷில்லிங் என்று முதலாளிகளிடம் வாங்கத் தொடங்கினார். பெண்களுக்கு அதில் பாதி. பொருள் உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மேலும் கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தார்கள். கடை, ஓட்டல் போன்ற சேவைத் தொழில்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆட்கள் கடைகளிலிருந்து ஆலைகளுக்குப் போக வேண்டும் என்பது கால்டோரின் எண்ணம். கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் கொதித்தார்கள். கன்சர்வேட்டிவ் கட்சி அதை ஒழிப்போம் என்று வாக்களித்து 1970-இல் ஆட்சிக்கு வந்து, அடுத்த ஆண்டு பாதியாகக் குறைத்து, 1973-இல் எடுத்தே விட்டது. அந்த இடத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது.

அதே நாட்டில் அதே வாதம் அண்மையிலும் திரும்பியது. 2025 ஏப்ரல் முதல், ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கான தேசியக் காப்பீட்டுக்காக முதலாளி கட்டும் பங்கை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக லேபர் அரசு உயர்த்தியது. அது தொடங்கும் ஆண்டுச் சம்பளக் கோட்டை 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டுக்கு இறக்கியது. உழைப்பவரின் சம்பளச் சீட்டில் கை வைக்கவில்லை என்று அரசு சொன்னது. இது வேலைவாய்ப்பின் மீதான வரி என்று எதிர்க்கட்சி சொன்னது. கோட்டை இறக்கினால் குறைந்த சம்பளக்காரரை வேலைக்கு வைக்கும் செலவுதான் விகிதத்தில் அதிகம் ஏறும். நம் ஊர்க் கணக்கில் பார்த்த அதே கோளாறு.

இதில் யார் சொல்வது சரி? புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரியைக் கட்டுபவர் வேறு, வரியைச் சுமப்பவர் வேறு. எங்கள் வட்டாரத்தில் எளிதாகப் பார்க்கக்கூடிய செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் கட்டு என்று சூளைக்காரரிடம் அரசு சொல்கிறது. அந்த 2,000 ரூபாய் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். அவருடைய லாபம் குறையும், அல்லது கல்லின் விலை ஏறும், அல்லது வருகிற தைக்கு உயர வேண்டிய கூலி உயராமல் நிற்கும்.

எதிலிருந்து வரும் என்பதை, யாருக்குத் தப்பிக்க வழி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. வேலந்தாவளம் பக்கம் வந்து பாருங்கள். சில அடி தூரத்தில் மாநிலம் மாறுகிறது. கல் வாங்க வருபவர் விலை ஏறினால் அடுத்த பக்கத்துச் சூளைக்குப் போய்விடுவார். ஆகவே விலையை ஏற்ற முடியாது. சூளைக்காரரும் கொஞ்சம் வசதி உள்ளவரானால் அடுத்த சூளையை அந்தப் பக்கம் போட்டுக்கொள்வார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, குடும்ப அட்டையை இங்கே வைத்துக்கொண்டு, நடந்து வேலைக்கு வரும் தொழிலாளிதான் நகர முடியாமல் நிற்கிறார். எல்லைப் பகுதியில் முதலாளி மீது போடும் வரி மற்ற இடங்களைவிட வேகமாகக் கூலிக்காரர் தலைக்கு இறங்கிவிடுகிறது.

அதனால் இந்த வரியே வேண்டாம் என்று சொல்கிறேனா என்று மகள் கேட்டாள். இல்லை அம்மணி, அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்துக்குச் சொந்தமாக வரும் பணத்தில் வீட்டு வரியும் தொழில் வரியும்தான் பெரியவை. மேலிருந்து வரும் பணம் இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று கட்டி வைத்து வரும். சொந்த வருமானம் அப்படி அல்ல. மழையில் ஓடைப் பாலம் உடைந்தால் மறுவாரமே பழுது பார்க்க அதுதான் கைகொடுக்கும். 2003-இல் எங்களுக்குப் பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்து, பிளாச்சிமடைக் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆலையிடமிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுபோகும் என்று தெரிந்தே மறுத்தது. அப்படி ஒரு முடிவை ஓர் ஊர் எடுக்க வேண்டுமானால் அதற்குச் சொந்தக் கால் வேண்டும். சொந்தக் கால் என்பது சொந்த வரிதான்.

வசூலிப்பதிலும் ஒரு குறை உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். சம்பளக்காரரிடம் வாங்குவது எளிது. நிறுவனத்திலிருந்து பட்டியலும் பணமும் சேர்ந்து வந்துவிடும். தனியாகத் தொழில் நடத்தும் வசதியுள்ளவர்களைத் தேடிப் போய், வருமானம் என்ன என்று கேட்டு, ஒப்புக்கொள்ள வைத்து வாங்குவது பெரும்பாடு. மூன்று முறை போயும் ரசீதுப் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களின் மாலையில், பள்ளியில் பாத்திரம் கழுவும் அம்மாவின் பெயருக்கு எதிரே வசூல் ஆனது என்று எழுதும்போது கை கூசும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொன்ன நடைமுறை ஆலோசனை சிறியது. சம்பளச் சீட்டில் பிடித்த தொகை உங்கள் படிக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஆறு மாத வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் போதும். இடையில் வேலை மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் முழுதாகப் பிடித்துவிட்டார்களா என்று கவனியுங்கள். ஆண்டு 2,500-ஐத் தாண்டியிருந்தால் நிறுவனத்திடம் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பணம் எந்த உள்ளாட்சிக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த ஊரின் வரவு செலவு அறிக்கையில் தொழில் வரி என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். கிராம சபையில் அதைக் கேட்பவர் மிகக் குறைவு. கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் கடமை.

பேசி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. அக்கா மகன் தயங்கிக்கொண்டே ஒன்று சொன்னான். அடுத்த மாதம் முதலாளி அவனுக்கு 500 ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"15,500 ஆகிவிட்டால் எனக்கும் பிடிப்பார்களா, மாமா?"

"மாதம் 150 பிடிப்பார்கள். கையில் கூடுவது 350 தான்."

"அந்த 150 எங்கள் சித்தூர் நகராட்சிக்குப் போகுமா?"

உங்கள் மாநிலத்தில் அது அரசின் கருவூலத்துக்குப் போகும், நகராட்சியின் வசூல் பதிவேட்டில் உன் பெயர் இருக்காது என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தன் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடப்பதைப் பற்றி மகளிடம் சொல்லத் தொடங்கினான்.